பழைய வீடு கஃபே ஆகிறது: சுவருக்கு எந்தச் சுண்ணாம்பு வாங்குவது?

பழைய வீட்டைக் கடைக்கோ கஃபேக்கோ எடுத்தவர்கள் முதல் நாளே ஏ.சி. எத்தனை டன், விளக்கு என்ன மாடல் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். சுவர்ப் பூச்சை மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். மேஸ்திரியும் பார்த்துக்கொள்கிறார், சிமெண்டில். ஐப்பசி மழைக்கு இடுப்பளவில் பெயிண்ட் கொப்பளிக்கிறது. தை மாதம் உப்புப் பூக்கிறது. சித்திரையில் சோபாவுக்குப் பின்னால் வெள்ளைத் தூள் குவிகிறது. கடைக்காரர் மீண்டும் பூசச் சொல்கிறார், இந்த முறை 'வாட்டர் ப்ரூஃப்' கலந்து. அடுத்த வருடம் அதே சுவரில் அதே கொப்பளம் ஒரு அடி மேலே வருகிறது.

சிமெண்டின் தரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. காரைக்குடிப் பக்கத்து வளவு வீடு, புதுச்சேரி தமிழர் பகுதியின் முற்றத்து வீடு, கும்பகோணத்து அக்கிரகார வீடு எல்லாமே செங்கலைச் சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ வைத்துக் கட்டியவை. அஸ்திவாரத்தின் மேல் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. தரையீரம் செங்கல் வழியே ஏறும், ஏறியது சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளை வழியே காற்றில் போய்விடும். இந்த வரவு செலவில்தான் அந்தச் சுவர் நூறு வருடம் நின்றது. சிமெண்ட் பூசினால் செலவு நின்றுபோகிறது, வரவு நிற்பதில்லை. இடுப்பளவு பூசினால் ஈரம் மார்பளவில் தலைகாட்டும், மார்பளவு பூசினால் தலைக்கு மேல். கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி விரியும்போது பூச்சைத் தள்ளுவதோடு மிருதுவான செங்கலின் முகத்தையும் பெயர்த்து எடுத்துவிடும்.

ஆகச் சுண்ணாம்பு வேண்டும். ஆனால் 'சுண்ணாம்பு' என்று கேட்டால் கடையில் நான்கு வேறு பொருள்கள் கிடைக்கின்றன: சூளையிலிருந்து வரும் கட்டிச் சுண்ணாம்பு, மூட்டையில் வரும் நீற்றிய (தண்ணீர் சேர்த்து உடைத்த) பொடி, இறக்குமதியாகும் என்.எச்.எல். (தண்ணீரிலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு), தண்ணீர் ஊற்றிப் பூசச் சொல்லும் 'ரெடிமேட் லைம் பிளாஸ்டர்'. நான்கும் வெள்ளையாகத்தான் இருக்கும். சுவரில் நடந்துகொள்ளும் விதம் நான்கிலும் வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்று மாதம் கையில் இருந்தால் கட்டிச் சுண்ணாம்புதான், யோசிக்கவே வேண்டாம். ஈரம் ஓயாத இடத்துக்கு என்.எச்.எல். 3.5. பொடி மூட்டை வெள்ளையடிக்க நல்லது, பூச்சுக்கு ஒப்பேற்றலாம். ரெடிமேட் மூட்டையில் கலவை விவரம் அச்சிட்டில்லை என்றால் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.

கட்டிச் சுண்ணாம்பு

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறிக் கட்டி மிஞ்சுகிறது. சுத்தமான கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ கட்டி, மீதி 44 கிலோ காற்றோடு போய்விடும். வாங்கும் இடத்தில் செய்ய வேண்டிய முதல் சோதனை இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது: கட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். நன்றாகச் சுட்டது பார்வைக்குப் பெரிதாகவும் கைக்கு லேசாகவும் இருக்கும். கல் மாதிரி கனத்தால் உள்ளே வேகாத கல் இருக்கிறது.

இரண்டாவது சோதனைக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். முஷ்டி அளவு கட்டியைப் போடுங்கள். புதுச் சரக்கு சில நிமிடத்தில் சீறி, வெடித்து, ஆவி கிளப்பி, மாவாக உடையும். ஒன்றும் நடக்காமல் அடியில் கிடந்தால் அது பழைய சரக்கு, காற்றின் ஈரத்திலேயே நீறிப் பிறகு கரியமிலவாயுவையும் பிடித்துக்கொண்டு செத்துப்போனது. கட்டிகளைவிட மூட்டையடியில் பொடி அதிகமாக இருந்தாலும் அதே கதைதான். சூளையிலிருந்து வந்த கட்டியைச் சில நாளுக்குள் நீற்றிவிட வேண்டும், சேர்த்து வைக்கும் பொருள் இல்லை இது.

நீற்றுவதில் ஒரே ஒரு விதி: தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். தொட்டியிலோ இரும்பு டிரம்மிலோ பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பி, கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, நீளமான கழியால் கிளற வேண்டும். பிளாஸ்டிக் டிரம் வேண்டாம், சூட்டில் இளகிவிடும். கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். கண்ணில் பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்றிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. அதற்காகவே ஒரு குடம் நல்ல தண்ணீரை மூடிப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும், தொட்டித் தண்ணீரையே அள்ளி ஊற்றுபவர்களும் உண்டு.

ஆறியதும் 3 மி.மீ. சல்லடையில் வடித்து, மேலே நான்கு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தால் விழுது தயிராக இறுகும். தண்ணீர் மூடியிருக்கும்வரை எத்தனை மாதமானாலும் கெடாது, ஆக ஆக வழவழப்புக் கூடும். அடிப்பூச்சுக்குக் குறைந்தது இரண்டு வாரம், மேல்பூச்சுக்கு மூன்று மாதம் ஊறியது வேண்டும். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பது பூசி ஒரு மாதம் கழித்துத் தெரியும்: சூளையில் அளவுக்கு மீறிச் சுட்ட துணுக்குகள் தாமதமாகத்தான் நீறும். சுவருக்குள் இருந்துகொண்டு நீறினால் அங்கங்கே சிறு வட்டமாகப் பொரிந்து விழும். குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் விழுது ஊறவில்லை என்று அர்த்தம், கொத்தனாரைத் திட்ட வேண்டாம்.

மூன்று மாதமா என்று மலைக்க வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தம் கையெழுத்தான வாரமே தொட்டியில் நீற்றிவிட்டால், பழைய பூச்சு உரிப்பது, கூரைக் கட்டை மாற்றுவது, ஒயரிங், பிளம்பிங் எல்லாம் முடிவதற்குள் விழுது தானே தயாராகிவிடும். கட்டட வரைபடம் முடிவதற்கு முன்பே வாங்க வேண்டிய ஒரே பொருள் இதுதான்.

மணல் விகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், எல்லாரும் 1:3 என்று மனப்பாடமாகச் சொல்வதால். அந்த எண் எங்கிருந்து வந்தது? காய்ந்த மணலை ஒரு லிட்டர் டப்பாவில் தலைதட்டி நிரப்புங்கள். அளந்த தண்ணீரை மெதுவாக ஊற்றி, மேலே எட்டும்போது நிறுத்துங்கள். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 330 மி.லி. பிடித்தால் மணலுக்கு நடுவில் அவ்வளவு வெற்றிடம். அதைச் சுண்ணாம்பு நிரப்ப வேண்டும், அதனால்தான் 1:3. எம்-சாண்டில் இதே சோதனை செய்தால் சில குவியல்களில் 400 மி.லி. போகும். அப்போது 1:2.5 போட வேண்டும். ஆற்று மணலுக்குச் சொன்ன கணக்கை எம்-சாண்டுக்கும் போட்டுவிட்டு, பூச்சு கையில் தேய்த்தால் உதிர்கிறது என்று சுண்ணாம்பைக் குறை சொல்வது சைட்டுகளில் வாடிக்கை. மணலில் வண்டல் இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடிப் பாட்டிலில் மணலும் தண்ணீரும் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்தால் மேலே படியும் மெல்லிய அடுக்கு மொத்தத்தில் 8 சதவீதம் தாண்டக் கூடாது. கடற்கரை மணல் பக்கமே போக வேண்டாம், உப்பைப் பணம் கொடுத்துச் சுவரில் ஏற்றும் வேலை அது.

அளவு தெரிந்தால் ஏமாற வேண்டாம். நூறு சதுர அடியை 20 மி.மீ. கனத்தில் பூச ஏறத்தாழ 7 கன அடி மணல், 65 லிட்டர் விழுது. இந்த விழுதுக்குக் கட்டிச் சுண்ணாம்பு 35 முதல் 40 கிலோ. பழைய சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கும், மூன்றில் ஒரு பங்கு கூட்டியே வாங்குங்கள். மூலை மட்டம் எல்லாம் தூக்குக்குண்டு போட்டு நேராக்க நினைத்தால் சாந்து இரண்டு மடங்கு போகும், பூச்சும் கனத்தில் வெடிக்கும். சுவரின் வளைவோடு போவதுதான் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

பூசும் முறையில் பிழை வருவது மூன்று இடத்தில். ஒன்று, காய்ந்த சுவரில் பூசுவது. முதல் நாள் மாலையும் அன்று காலையும் சுவரை நனைத்து, மேலே தண்ணீர் பளபளப்பு அடங்கியபின் பூச வேண்டும். இல்லாவிட்டால் செங்கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பூச்சு தட்டினால் 'டொக்'கென்று தனியாகச் சத்தம் கொடுக்கும். இரண்டு, ஒரே தடவையில் கனமாக அப்புவது. ஒரு கோட்டு, அதாவது ஒரு தடவைப் பூச்சு, 10 மி.மீ., அதிகம் போனால் 12. கட்டைவிரலால் அழுத்தினால் பதியாமல், நகத்தால் கீறினால் மட்டும் கோடு விழும் நிலைக்கு வந்தபின் அடுத்த கோட்டு. சாதாரணமாக ஒரு வாரம் ஆகும். நடுவில் சிறு வெடிப்பு கண்டால் அன்றே மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரக்கட்டை) அழுத்தித் தேய்த்து மூடிவிட வேண்டும். மறுநாள் மூடாது. மூன்றாவதும் முக்கியமானதும், காயவிடுவது. தண்ணீர் போனால் சுண்ணாம்பு இறுகிவிட்டது என்று பொருளில்லை. காற்றின் கரியமிலவாயுவை ஈரத் துளைகளில் பிடித்துத்தான் மீண்டும் கல்லாகிறது. முழுக்கக் காய்ந்தாலும் அந்த வேலை நிற்கும், சொட்டச் சொட்ட நனைந்தாலும் நிற்கும். குறைந்தது ஏழு நாள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை புகையாய்த் தெளித்து, நடுவில் உலர விட வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் வெளிச்சுவர் பூசினால் ஈரச் சாக்கைப் படுதாவாகத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினால் ஈரம் நிற்கும், காற்று போகாது, பயனில்லை.

எவ்வளவு ஆழம் இறுகியிருக்கிறது என்று பார்க்க வழி உண்டு. பினாப்தலீன் கரைசல் ரசாயனக் கடையில் சிறு குப்பியில் கிடைக்கும். பூச்சில் ஒரு மூலையை உடைத்து, உடைந்த முகத்தில் ஒரு சொட்டு விட்டால் இன்னும் இறுகாத பகுதி ரோஸ் நிறமாகும், இறுகியது நிறம் மாறாது. ஒரு மாதப் பூச்சில் வெளிப்புறத்தில் மெல்லிய கோடு மட்டும் வெள்ளையாக நிற்கும். 20 மி.மீ. முழுவதும் மாற ஒரு வருடத்துக்கு மேலாகும். அதனால் திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் பூசிவிட்டு மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பதென்றால் இவ்வளவு சிரமப்பட்டிருக்கவே வேண்டாம். சுண்ணாம்பு வெள்ளைதான் மேலே போக வேண்டும். பால் போலக் கரைத்து, நான்கைந்து கை. முதல் கையில் ஒன்றும் தெரியாது, காயும்போதுதான் வெளுக்கும்.

கடுக்காய், வெல்லம், முட்டை என்று பேச்சு வரும். கடுக்காயையும் பனைவெல்லத்தையும் ஊறப்போட்டு நொதித்த தண்ணீரில் சாந்து குழைப்பது இங்கே பழைய வழக்கம், சாந்து இழுபட வருவதும் மெதுவாக இறுகுவதும் உண்மை. ஆனால் அளவு மீறினால் பூச்சு பழுப்படிக்கும், வாரக்கணக்கில் இறுகாது, எறும்பும் பூஞ்சையும் வரும். ஊருக்கு ஊர் விகிதம் மாறும், அதனால் முதலில் பத்துச் சதுர அடியில் மாதிரி போட்டு ஒரு மாதம் பார்க்காமல் சுவரில் ஏற்றக் கூடாது. செட்டிநாட்டுக் கண்ணாடிப் பூச்சு வேறு கலை: பல அடுக்கு, கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும், கூழாங்கல்லால் மணிக்கணக்கில் இழைப்பு. அது தெரிந்த கை இன்றும் உண்டு, சதுர அடிக் கணக்கில் விலை பேசினால் கிடைக்காது. நாள் கூலி பேசுங்கள்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கட்டிச் சுண்ணாம்பின் நெருங்கிய உறவு. வெண்மையும் நைப்பும் அதிகம், மேல்பூச்சுக்கு அருமை. உப்பு போகக் கழுவிச் சுட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லை என்றால் நாக்கில் வைக்காமலே சுவர் சொல்லிவிடும்.

பொடி மூட்டை

தோல் பதனிடவும் தண்ணீர் சுத்திகரிக்கவும் வெள்ளையடிக்கவும் தயாராவது. சிரமமில்லை, தீக்காயம் இல்லை, எந்த ஊரிலும் கிடைக்கும். குறை இரண்டு. கோணிக்குள்ளேயே காற்றைப் பிடித்துப் பாதி சுண்ணாம்புக்கல்லாக மாறியிருக்கலாம். ஒரு கரண்டிப் பொடியில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கினால் மாறிவிட்டது, லேசாகச் சிலிர்த்தால் பரவாயில்லை. இரண்டாவது, அளவு. ஒரு லிட்டர் பொடி ஏறத்தாழ அரைக் கிலோதான், ஒரு லிட்டர் விழுதில் தண்ணீர் போக அறுநூறு கிராமுக்கு மேல் சுண்ணாம்பு இருக்கும். பொடியை அப்படியே சட்டியால் அளந்து 1:3 கலந்தால் கிடைப்பது மெலிந்த சாந்து. ஒரு நாளாவது தண்ணீரில் ஊறவைத்து விழுதாக்கி அளந்தால் அந்தக் குறை தீரும். மூட்டையில் ஐ.எஸ். 712 என்ற இந்தியத் தர எண்ணும் வகை எழுத்தும் இருக்கிறதா பாருங்கள்: ஏ என்றால் தண்ணீரிலும் இறுகுவது, சி என்றால் காற்றில் மட்டும் இறுகும் தூய சுண்ணாம்பு, ஈ என்றால் சுக்கான்கல்லிலிருந்து வந்தது. எழுத்தே இல்லாத மூட்டை பாக்கு வெற்றிலைக்கு வேண்டுமானால் ஆகும்.

என்.எச்.எல்.

களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு வருவது. காற்றை எதிர்பார்க்காமல் தண்ணீரிலேயே இறுகத் தொடங்கும். 2, 3.5, 5 என்று மூன்று எண் உண்டு. 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது அத்தனை நியூட்டன் அழுத்தம் தாங்கும் என்று பொருள். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று 5 வாங்குபவர்கள் அதிகம், அது தப்பு. கையால் அறுத்துச் சுட்ட பழைய செங்கலுக்கு 5 மிகக் கடினம். பூச்சு செங்கலைவிட மிருதுவாக இருக்க வேண்டும், உடைவது பூச்சாக இருக்க வேண்டும், செங்கலாக இருக்கக் கூடாது. சாதாரணச் சுவருக்கு 2, கழிப்பறைப் பக்கம், தரையோரம், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் ஆகியவற்றுக்கு 3.5. ஐந்தாம் எண்ணுக்குப் பழைய வீட்டில் கருங்கல் அஸ்திவாரம் தவிர வேலை இல்லை.

எழுத்தையும் கவனியுங்கள். முன்னால் 'என்' இல்லாமல் வெறும் எச்.எல். என்றால் ஐரோப்பியத் தரத்தின்படி அதில் சிமெண்ட் கலக்க அனுமதி உண்டு. விலைப்பட்டியலில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். இறக்குமதி என்பதால் கட்டிச் சுண்ணாம்பைப் போலப் பல மடங்கு விலை, கப்பலில் வந்த மூட்டை ஈரம் பட்டால் கல்லாகிவிடும், தயாரிப்புத் தேதி பார்க்காமல் வாங்கக் கூடாது. இதையெல்லாம் மீறி வாங்கலாமா என்றால், தேவையான சுவருக்கு மட்டும் வாங்கலாம். உள்நாட்டு மாற்று ஒன்று உண்டு: சுண்ணாம்பு 1, சுர்க்கி (செங்கல் தூள்) 1, மணல் 2. செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஈரத்தில் இறுகும். ஆனால் குறைந்த சூட்டில் வெந்த செங்கலின் தூளாக இருக்க வேண்டும், கருகிய செங்கல் தூள் வெறும் சிவப்பு மணல். அதே வீட்டில் இடித்த உப்புப் பூத்த செங்கலை அரைத்துச் சிக்கனம் பிடிப்பவர்கள், வெளியே எடுத்த உப்பைத் திரும்பச் சுவரில் பூசுகிறார்கள்.

ரெடிமேட் மூட்டை

பெயரில் லைம், உள்ளே பெரும்பாலும் வெள்ளை சிமெண்டும் பாலிமரும். எல்லாம் அப்படி இல்லை, கலவையை அச்சிட்டுத் தரும் நேர்மையான மூட்டைகளும் உண்டு. சோதனை எளிது: உள்ளங்கை அளவு அடை தட்டி இரண்டு வாரம் காயவிட்டு, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர். உறிஞ்சினால் சுவாசிக்கும், முத்தாக உருண்டு நின்றால் அது பெயிண்டின் தம்பி.

இந்த இடத்தில் மேஸ்திரி ஒரு யோசனை சொல்வார்: "சார், சுண்ணாம்புலயே ஒரு சட்டி சிமெண்ட் போட்டுக்கலாம் சார், சீக்கிரம் புடிச்சுக்கும்." வேண்டாம். கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தால் முதல் நாள் இறுகியது போல இருக்கும், ஆனால் சுண்ணாம்பு பின்னால் இறுகுவதையும் கெடுத்து, இரண்டின் குறையும் சேர்ந்த பூச்சாகும். மேஸ்திரியோடு சண்டை போடுவதைவிட, சைட்டுக்குள் சிமெண்ட் மூட்டை வராமல் பார்த்துக்கொள்வது சுலபம்.

புதுப் பயன்பாடு சுவருக்கு என்ன செய்யும்

குடும்பம் குடியிருந்த வீட்டில் முற்றம் திறந்திருக்கும், நாள் முழுக்கக் காற்றோட்டம். கடையானதும் முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை, கதவுக்கு ஆட்டோமேட்டிக் மூடி, உள்ளே ஏ.சி. வெளியே வெக்கையும் ஈரமும், உள்ளே குளிர்ச்சி என்றால் ஈரம் வெளியிலிருந்து உள்முகமாகச் சுவருக்குள் நகரும். உள்பக்கம் எமல்ஷனோ வால்பேப்பரோ இருந்தால் அதன் பின்னால் போய்த் தேங்கும். ஏ.சி. அறைக்குத்தான் வெள்ளையடித்த சுவர் அதிகம் தேவை. துணிக்கடைக்காரர்கள் துணியில் வெள்ளை ஒட்டுமே என்பார்கள், நியாயமான பயம். ஹேங்கர் கம்பியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் சுவருக்கும் காற்று, துணிக்கும் பாதுகாப்பு.

சமையலறை இன்னொரு மாதிரி. உணவுப் பாதுகாப்பு விதிப்படி சமைக்கும் இடத்தில் கழுவக்கூடிய, ஈரம் உறிஞ்சாத சுவர் வேண்டும். சுண்ணாம்புச் சுவர் அதற்கு ஆகாது. டைல்ஸை நேராகப் பழைய சுவரில் ஒட்டினால் முன்பு சொன்ன சிமெண்ட் கதை. முற்றத்துக்குப் பின்னால் புழக்கடையில் புதிதாகச் சிறு கட்டடம் எழுப்பிச் சமையலை அங்கே தள்ளுவதுதான் சிறந்த வழி. இடமில்லை என்றால் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி எஃகுச் சட்டம் அடித்து ஸ்டெயின்லெஸ் தகடு பொருத்தலாம். கீழேயும் மேலேயும் காற்று போக வழி விட்டு, அந்த வழியை மெல்லிய எஃகு வலையால் அடைக்க வேண்டும். வலை போட மறந்தால் ஊர்க் கரப்பான் அத்தனையும் அங்கே குடியேறும். கழிப்பறைக் குழாயையும் பழைய சுவரைக் கொத்திப் புதைக்கக் கூடாது, 4 அங்குலக் கட்டைச் சுவரை இரண்டு அங்குலம் தள்ளி எழுப்பி, குழாயை இடையில் ஓட்டினால் கசிவும் கண்ணில் படும். ஒயரிங் வெளியே தெரியும் இரும்புக் குழாயில். கொத்திப் புதைத்துச் சிமெண்டால் அடைத்த ஒயரிங் தடம் எத்தனை வெள்ளையடித்தாலும் வெடிப்பாக எழுந்து நிற்கும்.

மாடியில் ஆள் உட்கார வைப்பதென்றால் பூச்சுக்கு முன் கூரையைப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளை ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து, மேலே அச்சுக்கல்லை (சிறிய, மெல்லிய செங்கல்) நிறுத்தி மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லிக் காரை கெட்டித்து, தட்டோடு பதித்தது. வீட்டுக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை கணக்கு, இருக்கை பதிக்காத கூட்ட அரங்குக்கு 500 கிலோ. சுவருக்குள் புதைந்த கட்டை நுனிதான் முதலில் உளுத்துப்போகும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், அரை அங்குலம் இறங்கினால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஒழுகுகிறது என்று மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் தளம் போட்டவர்கள் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் புதுச் சுமையை ஏற்றியிருக்கிறார்கள். அதைப் பெயர்த்து எடுத்தாலே கட்டை மூச்சுவிடும்.

புதுச்சேரியின் மேரி கட்டடம் (பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மன்றம்) 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பயன்படுத்தாமல், பராமரிக்காமல் விட்ட சுண்ணாம்புக் கட்டடம் எப்படிப் போகும் என்பதற்கு அது போதும். மறுபக்கம், 2012 ஜனவரியில் தீயில் எரிந்த சேப்பாக்கம் கலச மஹால் சீரமைக்கப்பட்டு இன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கும் இடமாக இருக்கிறது. கொழும்புக் கோட்டையின் டச்சு மருத்துவமனை 2011 முதல் கடைகளும் உணவகங்களுமாக ஓடுகிறது. ஆள் நடமாடுகிற கட்டடத்தில்தான் ஒழுகும் மூலை முதல் மழையிலேயே கண்ணில் படும்.

பழைய சிமெண்ட் பூச்சை உரிப்பவர்களுக்கு: தட்டிப் பார்த்துப் பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடத்தை மட்டும் முதலில் எடுங்கள், கை உளியும் சுத்தியலும் போதும், பிரேக்கர் மெஷின் செங்கல் முகத்தையும் கொண்டுபோகும். உரித்த சுவர் உலர, கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது வழக்கமான கணக்கு. மார்கழியில் உரித்து, தை, மாசி, பங்குனி என்று மூன்று மாதமாவது உலரவிட்டு, உப்பை ஈரமில்லாமல் தூரிகையால் பெருக்கி வெளியே கொட்டினால் பாதி வேலை முடிந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினால் அந்த உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகும். உப்பு மிக அதிகமான சுவருக்கு ஒரு வருடத்துக்கென்று மெலிந்த சுண்ணாம்புப் பூச்சு போட்டு, அது உப்பை வாங்கிக்கொண்டபின் உரித்தெறிந்து, பிறகு நிஜப் பூச்சு. வாடகை கட்டுபவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். அந்த ஒரு சுவரை மட்டும் புத்தக அலமாரி மறைக்கும்படி வரைபடத்தில் வைத்தால், அலமாரிக்கு முதுகுப் பலகை போடாமல் விட்டால், கடை திறந்தபடியே அந்த ஒரு வருடத்தைத் தள்ளலாம்.

கடைசியாகப் போக்குவரத்து. கட்டிச் சுண்ணாம்பு ஏற்றிய வண்டிக்குத் தார்ப்பாய் கட்டாமல் மழைக்காலத்தில் அனுப்பச் சொல்லாதீர்கள். கோணியோடு நனைந்தால் சூடேறிக் கோணியே பற்றிக்கொள்ளும், வைக்கோலும் மரமும் கூட ஏற்றியிருந்தால் சொல்லவே வேண்டாம். சரக்கு வந்து இறங்கும் நாளில் தொட்டியில் தண்ணீர் நிரம்பித் தயாராக இருக்க வேண்டும், இரவு முற்றத்தில் அடுக்கிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்பது சரிவராது.